மூன்று கை தண்ணீர், பிறகு முழுக்கு

இரண்டு வருடம் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. சபையார் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் மனைவி ஸ்டெல்லா ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள். ஆனால் ஆண்டவர் என்னை அதிலிருந்து எடுத்த விதத்தை மறைத்தால் நான் நன்றி கெட்டவன்.

என் பெயர் தேவராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசும் ஒரு கம்பெனியில் வேலை. ஆசிட்டில் முக்கியெடுத்த இரும்பை அலச, ஆள் ஆழத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. ஒருநாள் காலை ஷிப்டில் கால் வழுக்கி அதற்குள் விழுந்தேன். என் கவனக்குறைவுதான். அந்தத் துருத் தண்ணீருக்குள் மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ஷூவில் தண்ணீர் ஏறிக் கீழே இழுத்தது. கூட வேலை செய்யும் பழவேற்காட்டு பஷீர்தான் காலரைப் பிடித்துத் தூக்கினார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், நான் பாய் என்று கூப்பிடுவேன். கண் ஒரு வாரம் எரிந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் குளிக்கப் போய் முதல் சொம்பைத் தலையில் கவிழ்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தேன். அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழேதான் குளியல். தலைக்கும் முகத்துக்கும் ஈரத்துண்டு.

ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்த பிறகுதான் நான் ஆண்டவரை அறிந்தேன். நம் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுக்குதான், தெளிப்பது கிடையாது. முழுக்கு எடுக்காதவனுக்குத் திருவிருந்தும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு வரும். நான் தொடாமல் ஸ்டெல்லா பக்கம் நீட்டுவேன். அவள் எடுத்துக்கொண்டு தலையைக் குனிவாள். ஒரே பாயில் உட்கார்ந்திருந்தாலும் நான் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த வேதனையை யாரிடம் சொல்வேன்?

முதல் தடவை ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இரண்டாம் தடவை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெரியபாளையம் தாண்டி, நாம் எப்போதும் போகும் பம்ப்செட் தொட்டி. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான், எனக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, வரப்பு வழியாக ஓடி, அங்கியோடு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். பாஸ்டர்தான் அன்று இரண்டாம் முறையாக முழுக்கு எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் சபைக்கு வரவில்லை. வீட்டில் முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, இந்தப் பயத்தைப் பிடுங்கிப்போடும்" என்று தினமும் கேட்டேன். காலையில் எழுந்து ஒரு சொம்பைத் தூக்கிப் பார்ப்பேன். அப்படியே கீழே வைத்துவிடுவேன். எனக்கு அவர் பதிலே சொல்லமாட்டார் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனிக் குழாயடியில் பஷீர் தொழுகைக்கு முன்னால் ஒளு செய்துகொண்டிருந்தார். கை, வாய், மூக்கு, முகம் என்று வரிசையாக, நிதானமாகக் கழுவினார். நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணே, அப்டியே பாத்துக்கினு நிக்கறீங்க?"

"மூஞ்சில தண்ணி பட்டா உனுக்கு மூச்சு முட்டலியா பாய்?"

அவர் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து என்னைத் தூக்கியவர் அல்லவா, உடனே புரிந்துகொண்டார்.

"அது வந்து வுழுந்தாதாண்ணே முட்டும். இது என் கை எடுத்துகினு வர்ற தண்ணி. வேணாம்னா கைய எறக்கிட்டா போச்சு. எங்களுக்கும் தலையிலேர்ந்து கால் வரிக்கும் குளிக்கிற குளிப்பு கீது. ஒரு முடி காஞ்சிருக்கக் கூடாது. அதுக்கே மொதல்ல கைய கழுவித்தாண்ணே ஆரம்பிக்கறோம். நீங்க உங்க ஆண்டவர நெனச்சிகினு மூணு கை எடுத்துப் பாருங்க."

அன்று ஒரு கை எடுத்தேன். முகத்தில் பட்டதும் உதறினேன். மறுநாள் இரண்டு. "இயேசுவே" என்று சொல்லிச் சொல்லித்தான் எடுத்தேன். மூன்று கை எடுக்க இரண்டு வாரம் ஆனது. பஷீர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்.

ஆடி மாதம் என் அக்கா முனியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்குள் கொஞ்சம் முறைப்பு உண்டு.

"நீ தொட்டில வுழுந்த அன்னிக்கு, நீ பொழச்சா பெரியபாளையத்து அம்மன் கோயில்ல வேப்பஞ்சேல கட்றேன்னு வேண்டிக்கினேன்டா. நீ வேற சாமின்னு பூட்ட, அதான் வாயத் தொறக்கல. நீ ஒண்ணியும் கும்புட வேணாம். நான் முழுவறப்ப தலைல தண்ணி மட்டும் ஊத்து, போதும்."

எனக்காக எடுத்த வேண்டுதலை இத்தனை நாள் மனசிலேயே வைத்திருந்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. போனேன். கோயிலுக்குள் போகவில்லை. வெளியே குளிக்கிற இடத்தில், வாளி வாளியாக அக்கா தலையில் ஊற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊத்துடா, இன்னும் ஊத்து" என்று சிரித்தாள். தண்ணீருக்குள் ஒருவர் அத்தனை சந்தோஷமாக இருக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தெறித்ததில் நானும் நனைந்துவிட்டேன். வேப்பிலை கட்டி அவள் கோயிலைச் சுற்றி வந்த பிறகுதான், எனக்கு மூச்சு முட்டவே இல்லை என்று உறைத்தது.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். நானே போய் பாஸ்டரிடம் சொன்னேன், தள்ளிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சொன்னார்: "ஜெபம் பண்ணது நீ. பதிலை யார் கையில குடுத்தனுப்பறதுன்னு அவருக்குத் தெரியாதா?"

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து மறு ஞாயிறு, அதே தொட்டி. அக்கா கரையில் துண்டோடு நின்றாள். பஷீருக்கு ஷிப்ட், காலையிலேயே போன் செய்து, "கையில ஆரம்பிங்கண்ணே" என்றார். பாஸ்டர் கொஞ்சம் தள்ளியே நின்றார், பாவம். என் கையால் மூன்று கை தண்ணீர் முகத்தில் எடுத்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. பயந்தேன், நிச்சயமாகப் பயந்தேன். ஆனால் ஓடவில்லை. எழுந்தபோது அக்காதான் முதலில் கை தட்டினாள்.

அடுத்த திருவிருந்தில் ஸ்டெல்லாவும் நானும் சேர்ந்து எடுத்தோம். இப்போது தினமும் தலைக்குக் குளிக்கிறேன். அக்காவோடு முறைப்பு போய்விட்டது, பஷீர் வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். நிறைவாக இருக்கிறேன்.

பயம் சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சில நாள் காலையில் நெஞ்சு படபடக்கும். பயத்தைப் பிடுங்கிப்போடும் என்றுதான் கேட்டேன், பயத்தோடேயே நடக்க ஆட்களைக் கொடுத்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. உங்களில் யாராவது பெயர் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தால், பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், தொட்டிக்குள் உங்களுக்கு முன்னால் நான் இறங்குகிறேன்.