சம்பந்தியின் மூன்றாவது பாயசம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குடும்பத்துக்கே தெரிந்த சங்கதி. மகள் கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து வைத்தபோது, மருமகனின் அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். பெண் வீட்டில் சம்பந்தி பாதியில் எழுந்தால் எங்கள் பக்கம் சும்மா விடமாட்டார்கள். "ஏன், எங்க வீட்டுச் சோறு இறங்கலையா?" என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பேரன் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

போன ஆவணியில் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்கள், தட்ட முடியாது. காலையிலேயே மகள் போன் போட்டாள். இன்னொரு தடவை சண்டை வந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தன்னால் நிற்க முடியாது என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இன்றைக்குச் சண்டைக்கு வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் ஒரே நெரிசல். பந்திக்கு முந்த வேண்டுமென்றால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்க வேண்டும். அதிலும் மோருக்கு வந்துவிட்ட இலையாகப் பார்த்து நிற்பதுதான் கெட்டிக்காரத்தனம். காலையிலிருந்து ஒரு காப்பியோடு இருந்தேன். மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையைத் தேர்ந்தெடுத்து நாற்காலியில் கை வைத்தேன். தலை திரும்பியது. சம்பந்தி.

"வாங்க" என்றார். தலையை ஆட்டினேன். இனி வேறு இடத்துக்கு நகர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன் என்று ஆகிவிடும். நின்றேன்.

அவர் முடித்தமாதிரி தெரிந்ததும், "போதுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பாயசத்தைக் கூப்பிட்டார். அதைக் குடித்ததும் தொண்டையைக் கனைத்தேன். மறுபடியும் பாயசம். பரிமாறுகிறவரிடம் இவரைச் சீக்கிரம் முடித்துவிடு என்று கண்ணைக் காட்டினேன். அந்தப் புண்ணியவான் இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்து ரசத்தை ஊற்றினார். சம்பந்தி பெருமூச்சு விட்டுப் பிசைந்தார். மனுஷனுக்கு வயிறா, வைக்கோல் போரா? பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அந்த நாற்காலி போதும். மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குள் இவ்வளவு பொறுமையா என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது பாயசத்தில் பாதி இருக்கும்போது அவர் திரும்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சம்பந்தி, இனிமே சத்தியமா இறங்காது. நீங்க பின்னால நின்னு இம்புட்டுக் கவனிக்கிறீக, பாதியில எந்திரிச்சா மறுபடி வருத்தப்படுவீகன்னுதான் தின்னேன். அன்னைக்கும் வயித்துவலிதான். புதுச் சம்பந்தம், சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்கு முகம் எரிந்தது. கவனிக்க நிற்கவில்லை, இடம் பிடிக்க நின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எந்திரிங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

நான் உட்கார்ந்தேன். கை கழுவப் போனவர் திரும்பி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, எங்க சம்பந்திக்கு நல்லா வை என்றார். அவர் வைக்கச் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.