பாபி லேனின் குரல் பாபி லேனுக்குச் சொந்தமில்லை

எங்கள் ஊரின் பெயரை மெசைனா என்று சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்துவிட்டு மெசீனா என்று யாராவது சொன்னால் ஒரு மாதிரி பார்ப்போம். ஒஹையோவின் கிழக்கு மூலையில், எஃகு ஆலை மூடிய பிறகும் பிடிவாதமாகத் தங்கிவிட்ட ஆறாயிரம் பேர் நாங்கள். எங்களுக்கென்று ஒரு வானொலி நிலையம் இருந்தது. இருந்தது என்று சொல்லும்போதே வயிறு எரிகிறது, ஏனென்றால் அது இன்னும் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் பாட்டு வருகிறது. உள்ளே ஆள்தான் இல்லை.

என் பெயர் ரஸ். இருபத்திரண்டு வருஷம் அந்த நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவன். டயர் கடை, மெத்தைக் கடை, பிணம் அடக்கம் செய்கிறவர் என்று எல்லார் வாசலிலும் நின்றிருக்கிறேன். அவர்கள் விளம்பரம் கொடுத்தது என் பல்லிளிப்பைப் பார்த்து இல்லை. பாபி லேனுக்காகக் கொடுத்தார்கள்.

பாபி லேன் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பிறந்தபோது வைத்த பெயர் ஜெனீவா ஹோடாக். ஆலையில் உலை பார்த்த குரோஷியக்காரர் ஒருவரின் மகள். 1983-இல் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதைய முதலாளி, "ஹோடாக்னு சொன்னா இருமற மாதிரி இருக்கும்மா. நீ இன்னையிலேருந்து பாபி லேன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு ஜெனீவா போயே போய்விட்டாள். பெற்ற தாயே கடைசிக் காலத்தில் அவளை பாபி என்றுதான் கூப்பிட்டாள்.

இருபத்தொன்பது வருஷம், காலை ஐந்து முதல் பத்து வரை அவளுடைய நேரம். ஐம்பதுகள், அறுபதுகளின் பாட்டுகள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டை ஒன்று போட்டால், அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் யாரும் சீந்தாமல் கிடப்பதையும் போடுவாள். என்ன போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. யாராவது ஃபோனில் கூப்பிட்டு, "என் புருஷனுக்கு ஒரு பாட்டுப் போடு பாபி" என்று கேட்டால், "என்ன பண்ணாரு அந்த மனுஷன்? மன்னிப்புப் பாட்டா, இல்ல தண்டனைப் பாட்டா?" என்பாள். ஊரே காபியும் கையுமாகச் சிரிக்கும்.

ஆனால் அவள்மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கை பாட்டால் வந்தது இல்லை, பனியால் வந்தது. பனி கொட்டும் நாளில் எந்தப் பள்ளி மூடியிருக்கிறது, எது இரண்டு மணி நேரம் தாமதம் என்கிற பட்டியலை விடியுமுன் வானொலியில்தான் படிப்பார்கள். பிள்ளைகள் கேடிகள். பெரியவர் குரலில் ஃபோன் செய்து "பள்ளிக்கூடம் லீவு" என்று சொல்லப் பார்ப்பார்கள். அதற்காக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ரகசியச் சொல் உண்டு. பள்ளிக் கண்காணிப்பாளருக்கும் பாபிக்கும் மட்டும் தெரியும். அவர் கூப்பிட்டு "ஊற வெச்ச பீட்ரூட்" என்று சொன்னால்தான் அவள் வாயிலிருந்து மெசைனா பள்ளியின் பெயர் வரும். ஒரு வருஷம் கண்காணிப்பாளர் சொல்லை மறந்துபோய், "பாபி, நான்தாம்மா, என் குரல் தெரியலையா?" என்று கெஞ்சினார். "குரல் நல்லாத் தெரியுது சார். சொல்லு எங்கே?" என்று கேட்டு வைத்துவிட்டாள். மனிதர் பெண்டாட்டியை எழுப்பி மேசை இழுப்பறையைக் குடைந்து சொல்லைக் கண்டுபிடித்தார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பள்ளியைக்கூட அவள் தப்பாகச் சொன்னதில்லை.

பிறகு நிலையத்தை ஒரு கம்பெனி வாங்கியது. வேறு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு தொள்ளாயிரம் நிலையங்களை வைத்திருக்கிற கம்பெனி. 2012 வசந்தத்தில் பாபியை ஃபோனிலேயே வேலையை விட்டு அனுப்பினார்கள். பதினோரு நிமிஷப் பேச்சு. அவள் இடத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து ஒருவன் பதிவு செய்து அனுப்பினான். நாற்பது ஊர்களுக்கு அவன்தான் காலை வணக்கம். முந்நூறு பாட்டு கொண்ட ஒரே பட்டியல், அது சுற்றிச் சுற்றி வரும். "குட் மார்னிங் மெசீனா!" என்றான் முதல் நாளே. மெத்தைக் கடைக்காரர் அன்று மத்தியானமே விளம்பரத்தை நிறுத்தினார்.

பாபி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வீட்டில் துணி துவைக்கும் அறையில் மைக்கை மாட்டினாள். சுவரில் பழைய போர்வைகளை ஆணியடித்து, இணையத்தில் பழைய பாட்டு நிகழ்ச்சி தொடங்கினாள். ஒரே மாதத்தில் வக்கீல் கடிதம் வந்தது. "பாபி லேன்" என்ற பெயர் நிலையத்தின் சொத்து, அவள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அவள் குரலில் இருந்த பழைய பதிவுகளும் நிலையத்துக்கே சொந்தமாம். 1983-இல் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடிதத்தை என் முன்னால் வாசித்துக் காட்டியவள், "என் பேரச் சொல்ல நானே அவனுங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமாம் ரஸ். நல்ல கூத்து" என்றாள். நிகழ்ச்சிக்கு "ஜெனீவாவின் சலவை அறை" என்று பெயர் வைத்தாள்.

நிகழ்ச்சி பிரமாதமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வானொலியில் செய்ததைவிட நன்றாகவே இருந்தது. நாற்பது பேர் கேட்டார்கள். ராட்டர்டாமில் ஒரு பேக்கரிக்காரர், டாஸ்மேனியாவில் ஆடு வளர்க்கும் ஒரு தம்பதி. மெசைனாவில்தான் ஆள் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தெருவில் அவளை நிறுத்தி, "பாபி, நீ இணையத்துல வர்றியாமே, எந்த நம்பர்ல திருப்பணும்?" என்று கேட்பார்கள். அது திருப்புகிற சமாச்சாரம் இல்லை என்று அவள் விளக்குவாள். தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வானொலிப் பெட்டியின் முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரலையே பாபி" என்று அடுத்த வாரம் வந்து நிற்பார்கள்.

இனி சொல்லப் போவதில் என் பங்கு இருக்கிறது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

விளம்பரம் தேய்ந்துகொண்டே போனது. எங்கள் வட்டார மேலாளர் ட்ரெண்ட் என்று ஒரு பயல், நான் நேரில் பார்த்ததே இல்லை, ஃபோனில் கேட்டான்: "ரஸ், அந்தப் பழைய லேடியோட டேப் ஏதாவது கெடக்கா?" கிடந்தது. என் மேசைக்குப் பின்னால் பீரோ நிறையக் கிடந்தது. காலை வணக்கம், மணி சொல்வது, குளிர் எத்தனை என்று சொல்வது, எல்லாம். நான்தான் பெட்டியில் அடுக்கி அனுப்பினேன். ஊர்ப் பெயராவது சரியாக வரட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான் நிஜம்.

2013 நவம்பரில் ஒரு நாள் பாபி காரில் போகும்போது வானொலியில் தன் குரலையே கேட்டாள். அடுத்த நிமிஷம் என்னைக் கூப்பிட்டாள்.

"ரஸ், நான் ரேடியோல பேசிட்டிருக்கேன்."

"அப்படியா?"

"அப்படியாவா? யாருடா குடுத்தா அந்த டேப்ப?"

"எனக்குத் தெரியாது பாபி" என்றேன். இருபது வருஷத்துச் சிநேகிதம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற வாயால்தான் அதையும் சொன்னேன்.

ஊர் கொண்டாடியது. பாபி திரும்பி வந்துவிட்டாள்! மெத்தைக் கடை திரும்ப விளம்பரம் கொடுத்தது. அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அது நான் இல்ல, பழைய டேப்பு" என்று சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஜனவரியில் பனிப்புயல் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போன குளிர். காலை ஐந்து மணிக்குப் பள்ளிக் கண்காணிப்பாளர் வழக்கம்போல நிலையத்துக்கு ஃபோன் செய்து, மணி அடித்து ஓய்ந்ததும் பதிவு இயந்திரத்தில் ரகசியச் சொல்லைச் சொல்லிவிட்டு வைத்தார். அந்தக் கட்டடத்தில் கேட்க ஆள் யார் இருந்தது? அதே நேரத்தில் எங்கேயோ ஒரு கணினி, பனி சம்பந்தப்பட்ட துண்டு ஒன்றைத் தேடி எடுத்து ஒலிபரப்பியது. "பனிய பாத்து பயந்துராதீங்க மெசைனா, பள்ளிக்கூடம் எல்லாம் தெறந்திருக்கு, பஸ் ஓடுது" என்றாள் பாபி. அது எந்த வருஷத்துப் பனி என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பள்ளிச் சமையல்காரி வில்லா ப்ரூயிட்டுக்கு அறுபத்தாறு வயது. அடுப்படியில் அதைக் கேட்டாள். லீவு என்று சொல்லப் பள்ளியிலிருந்து ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு போனாள். இருட்டில், ஒரு டயர் தடம்கூட இல்லாத வாகன நிறுத்தத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பனி தள்ளும் வண்டிக்காரர் பார்க்கும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாள். குளிரில் கருகிப்போன கால் விரல் இரண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பகலில் பாபியும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். வில்லா எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"மனசுல வெச்சுக்காத பாபி. இத்தன வருஷத்துல ஒரு தப்பு. யாருக்குத்தான் வராது?"

"அது நான் இல்ல வில்லா."

"ஃபோன் அடிச்சுது தெரியுமா? நான்தான் எடுக்கல. பாபியே சொல்லியாச்சு, அப்புறம் வேற எவன் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"அது நான் இல்ல! அது பழைய டேப்பு. என்ன வேலைய விட்டுத் தூக்கி ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

வில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் குரல் எனக்குத் தெரியாதா கண்ணு? உன்மேல எனக்குக் கோபமே இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

பாபி என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"டேப்ப நான்தான் குடுத்தேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. வில்லாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு நேராகக் காருக்கு நடந்தாள். ஏறியதும் சொன்னாள்: "ஒன்னைய அப்புறம் வெச்சுக்கறேன். இப்ப அவனுக்கு ஃபோனப் போடு."

போட்டேன். ட்ரெண்ட் வருத்தம் தெரிவித்தான். அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டதாகச் சொன்னான். "மத்த கிளிப் எல்லாம் சூப்பராப் போகுது மேடம். மக்களுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு!" அவள் ஃபோனை என் மடியில் விட்டெறிந்தாள். நான் அன்று சாயங்காலமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். அது பெரிய தியாகம் இல்லை, பாபியை அனுப்பிய அன்றே செய்திருக்க வேண்டியது, இருபது மாதம் தாமதம்.

மறுநாள் காலை அவள் சலவை அறையிலிருந்து பேசினாள். பாட்டே போடவில்லை. "மெசைனா வானொலியில என் குரலக் கேட்டா நம்பாதீங்க. நல்லா கேட்டுக்குங்க. என்னய நம்பாதீங்க" என்றாள். தான் சொன்னால் உண்மை என்று ஊரை நினைக்க வைப்பதற்கு இருபத்தொன்பது வருஷம் விடியுமுன் எழுந்தவள். அந்த நம்பிக்கையைத் தன் வாயாலேயே உடைத்தாள். ராட்டர்டாம் பேக்கரிக்காரர் ரொம்ப ஆறுதலாக ஒரு கடிதம் எழுதினார்.

ஊர்க் காதுக்கு எப்படிக் கொண்டுபோவது? டயர் கடை வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை இருக்கிறது, எழுத்துகளைச் செருகி மாற்றுவது. கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். "பாபி லேன்" என்று போட்டால் கம்பெனி கடை மேலேயே வழக்குப் போடும் என்று அவர் பயந்தார், வக்கீல் கடிதத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஏணியில் ஏறி நானே எழுத்துகளைச் செருகினேன்.

ரேடியோவில் வருவது என் குரல், நான் அல்ல. நம்பாதீர். ஜெனீவா ஹோடாக்.

முடித்துவிட்டு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் பாபியும் நானும் உட்கார்ந்தோம். அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார விட்டாள். ஜன்னல் ஓரத்தில் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர் முட்டையும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டபடி பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருப்பா இந்த ஜெனீவா ஹோடாக்?"

"தெரியல. புதுசா குடி வந்தவளா இருக்கும். வந்ததும் வராததுமா ரேடியோவத் திட்டுது பாரு."

பாபி கோப்பையைக் கீழே வைத்தாள். முழு உடம்பையும் அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"நான்தான்யா ஜெனீவா ஹோடாக்."

இருவர் முகமும் மலர்ந்தது. ஒருவர் எழுந்தே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அட, பாபி! நீங்களா! இன்னிக்குக் காலையிலகூட ரேடியோவுல உங்களக் கேட்டேனே. அப்படியேதாம்மா இருக்கீங்க, ஒரு மாத்தமும் இல்ல."