லாக் புகாரில் நான் எழுதாத வரி

பிள்ளைகளே, பீரோவின் கீழ்த்தட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதே, அதைப் போன வாரம் எடுத்துக் காட்டி, "இது எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆகாதுப்பா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் லாக். தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் நான் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, சர்ச் அறிக்கை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், செத்தவர்களுக்கு அஞ்சலி நோட்டீஸ், எல்லாம் அங்கே அடிப்போம். தமிழ் எழுத்து அடிக்கும் மென்பொருளை முதலாளி காசு கொடுத்து முறையாக வாங்கியிருந்தார். அதை யாரும் காப்பி பண்ணி ஓட்டிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் இந்த லாக்கைக் கூடவே தருவார்கள். கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில், முதலில் இதைச் சொருகி, இதன் மேல் ஒயரைச் சொருக வேண்டும். லாக் இருந்தால்தான் தமிழ் வரும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி.

அதில் அடிக்கிற ஆபரேட்டர் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவாள். அவள் அப்பா பட்டாபிராமில் குடோனில் மூட்டை தூக்குகிறவர். அச்சடிக்க வருகிற பார்ட்டிகள் சொல்வதை நான் கவுன்டரில் உட்கார்ந்து தாளில் எழுதிக் கொடுப்பேன், அதைப் பார்த்து அவள் அடிப்பாள். மூன்று வருஷம் அப்படித்தான். "அண்ணே, மத்தவங்க எழுதுனத அடிக்க கண்ணு நோவுது. உங்க கையெழுத்துன்னா கண்ண மூடிக்கினே அடிப்பேன்" என்பாள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். முதலாளி என்னிடம், "இப்பவே சர்வீசுக்குக் குடுத்துட்டு வந்துடு" என்றார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, கைக்குத் தட்டுப்பட்ட இரண்டு திருகுகளைத் தளர்த்தி ஒயரை இழுத்தேன். வந்தது. சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டு, பிரிண்டரையும் வைத்துக் கட்டி, ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் குரல்தான் முதலில் கேட்டது.

"அண்ணே, லாக் எங்கண்ணே?"

கம்ப்யூட்டரின் பின்பக்கம் மொட்டையாக இருந்தது. மேஜைக்கு அடியில், குப்பைக்கூடையில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் எல்லாம் தேடினோம். முதலாளி சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார். "பிரிண்டரும் ஒயரும்தான் சார் கீது" என்றார் அவர். பெட்டியில் கிடந்த எங்கள் ஒயர்ச் சுருளை அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதும், தன்னிடம் இருந்த ஒயரைப் போட்டே வேலை பார்க்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அந்த மாதம்தான் ஆவடியில் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துத் தரும் ஒரு டி.டி.பி. சென்டர் புதிதாகத் திறந்திருந்தார்கள். வேலைக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். அதை அவளே எங்களிடம் சொல்லிச் சிரித்தவள்தான். அங்கே கொடுக்கத்தான் லாக்கை எடுத்திருப்பாள் என்று முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். அவள் எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம், "லாக்குக்கு இன்னா காலா கீது, தானா நடந்து போக?" என்றார்.

மென்பொருள் கம்பெனி ஆபீசுக்கு நான்தான் போனேன். உடைந்த லாக்காக இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். தொலைந்தது என்றால் போலீசில் புகார் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மென்பொருளையே முதலிலிருந்து புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். ஆவணி மாதக் கல்யாணப் பத்திரிகைகள் மேஜையில் குவிந்து கிடந்தன. "நீயே எழுதிக் குடுத்துடு. உன் எழுத்துதான் அழகா இருக்கும்" என்று முதலாளி என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

கார்பன் வைத்து எழுதிக் கொடுத்தேன். ஏட்டு படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னாய்யா இது, காணோம் காணோம்னு எழுதிக்கினு வந்துட்ட. கடைசியா யார் கையில இருந்துச்சு, அத எழுது. அப்பதான் சீல் போடுவேன்."

நின்றுகொண்டே, கார்பனோடு அடியில் சேர்த்து எழுதினேன். 'சனிக்கிழமை மாலை கடைசியாக அதை உபயோகித்தவர் எங்கள் ஆபரேட்டர். அவர் சென்ற பிறகு காணவில்லை.'

அவள் போன பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டவன் நான். அது எனக்குத் தெரியும். லாக் ஒயரோடு போயிருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. ஆனால் 'அதன் பிறகு நான் ஒயரைக் கழற்றினேன்' என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் கேள்வி என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். வீட்டில் உங்கள் அம்மா, கையில் உங்களில் மூத்த பிள்ளை, வயிற்றில் இளையவன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்போது நினைத்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஏட்டு ஒன்றும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. "எடுத்திருந்தா குடுத்துடும்மா, வயசுப் பொண்ணு, எதுக்கு வம்பு" என்று மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னார். புகாரை அவள் முன்னால் வைத்தார். அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் எடுக்கல சார்" என்று ஏட்டிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. முத்திரை போட்ட நகலைக் காட்டிப் புது லாக் வாங்கி வந்தோம். இரவல் பிரிண்டரோடு சொருகியதும் தமிழ் வந்தது. வேறு ஆபரேட்டரும் வந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத்தான் பிரிண்டர் திரும்பியது. பெட்டியைப் பிரித்து ஒயர்ச் சுருளை எடுத்தேன். அதன் நுனியில் இந்த லாக், கடித்துப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரின் திருகு என்று நினைத்து லாக்கின் திருகைத் தளர்த்தியிருக்கிறேன்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "கம்பெனிக்காரன் காதுல உழுந்துதுன்னா, ஒரு லாக்க வச்சிக்கினு ரெண்டாவது வாங்கிட்டான்னு நம்மள ஃபிராடும்பான். உள்ள தூக்கிப் போடு."

"சார், அந்தப் பொண்ணு..."

"வேற ஆளுதான் வந்தாச்சே. இன்னா பண்ணச் சொல்ற?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருநின்றவூர் போனேன். ஏரிப் பக்கம் வாடகை வீடு. வாசலில் நின்றிருந்த அவள் அப்பா என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இன்னும் எதுனா காணமா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து லாக்கை எடுத்து நீட்டினேன். அவள் உள்ளேயிருந்து வந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"ஒயரோட வந்துடுச்சும்மா. நான்தான் கழட்டிட்டேன்."

"ஓ" என்றாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிக்கு நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். பிறகு லாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு அந்தக் காயிதத்துல இன்னா எழுதியிருந்துச்சுன்னு நான் மொதல்ல படிக்கவே இல்லண்ணே. கையெழுத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

ஆவடி சென்டரில் வேலை கேட்டாளா என்று கேட்டேன். அவள் அப்பா குறுக்கே வந்தார்.

"கேட்டா மட்டும்? போலீஸ் டேசனுக்குப் போய்ட்டு வந்த பொண்ணுன்னு அவனுக்குத் தெரியாதா? அந்தக் காயிதம் இன்னும் அங்கதான சார் கீது?"

லாக்கை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் கையை நீட்டவில்லை. அவள் என் பையிலேயே போட்டாள். "இத நான் வச்சிக்கினா, அப்பறம் எங்கிட்டதான் இருந்துச்சும்பாங்க."

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் போலீஸ் ஸ்டேஷன் போனேன். லாக் கிடைத்துவிட்டது, கழற்றியது நான்தான் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஏட்டு வாங்கவில்லை. "கேசே போடல, அதுக்கு இன்னொரு மனுவா? கெடச்சிடுச்சில்ல, சந்தோஷமா போய்யா" என்றார். சொல்லிப் பார்த்தேன். அவர் வேறு ஆளிடம் பேசப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அச்சகத்தில் நான் மட்டும் இருந்தேன். ஷெல்ஃபிலிருந்து மென்பொருள் கம்பெனி ஃபைலை எடுத்தேன். முத்திரை போட்ட புகாரின் கார்பன் நகல் ஒன்று அதில் இருந்தது. அவளைப் பற்றி எழுதிய இரண்டு வாக்கியங்களின் மேல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் இருந்த இடத்தில், பேனாவால், என் கையெழுத்திலேயே எழுதினேன்: 'அவர் சென்ற பிறகு அதைக் கழற்றியது நான்.' கீழே தேதி போட்டு ஒப்பமிட்டேன். மை காயும்வரை வைத்திருந்து, ஃபைலைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.