மூன்றாவது உத்தரத்தின் மேல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். 1964 ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை, குற்றாலத்தில் இதைப் பகலிலேயே அனுபவித்தவன் நான்.

விடுதி முதலாளி அப்துல் ஜப்பாருக்கு ஒரு கார் கொட்டகை வேண்டியிருந்தது. சாரல் காலத்தில் முப்பது கார் நிற்க வேண்டும், நடுவில் தூண் கூடாது, கூரைமேல் பூந்தோட்டம். சாதாரண கான்கிரீட் அத்தனை நீளம் தாங்காது. அதனால் உத்தரங்களுக்குள் எஃகுக் கம்பிகளை விறைக்க இழுத்து, முனைகளில் ஆப்பு இறுக்கும் முறையில் வடிவமைத்தேன். மண்ணின் எடையை நனைந்த மண்ணாகவே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் கூரையில் லாரி லாரியாக மண் ஏறியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை ஒரு கல்யாண வீட்டாரின் கார்கள் உள்ளே வரவிருந்தன.

மாலை 4.10. காவலாளி குத்தாலிங்கம் வாசல் கேட்டில் இருந்தார். நான் மட்டும் உள்ளே, உத்தரம் தாழ்ந்தால் காட்டும் முள்மானியைப் பார்த்தபடி நின்றேன். வெளியே சாரல்.

தலைக்கு மேல்... தொப். தொப்.

ஈர மண்ணில் யாரோ நடக்கும் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் முள் துள்ளியது. ஓர் ஆள் நடந்தால் அப்படித் துள்ளாது.

மூன்றாவது உத்தரத்தின் மேல் சத்தம் நின்றது. முள் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது...

4.17. ஏணியில் ஏறினேன்.

ஒரே மூட்டம். ஒரு பெண் எனக்கு முதுகு காட்டிக் குத்தவைத்து, வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா அது?”

“முருகம்மா.”

“அங்கன என்ன செய்யுதிய?”

“மூச்சு முட்டுது. மண்ண இறக்குங்கய்யா.”

குரல் அவளிடமிருந்து வரவில்லை. என் காலுக்கடியிலிருந்து வந்தது.

கண்ணைத் துடைத்தேன்.

யாருமில்லை. மண்ணில் என் தடம் மட்டும்.

கீழே ஓடினேன். “மேல யாரு வேல பாக்கா?” என்று குத்தாலிங்கத்திடம் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லையே சார். செடி நட ஆளு திங்கக்கிழமதான் வருதாங்க.”

அப்போதே ஆள் சேர்த்து மண்ணை இறக்கினோம். மூன்றாவது உத்தரத்தின் முனையில் பூசியிருந்த சிமெண்டைத் தட்டிப் பார்த்தேன். ஆப்புகள் வழுக்கி, கம்பிகள் உள்ளே நழுவியிருந்தன. காலையில் அந்தக் கார்கள் வந்து நின்றிருந்தால்...

ஒரு வாரம் கழித்து, மண் கொண்டுவந்த லாரி டிரைவர் சிவசைலத்தைப் புளியறை கிராமத்தில் பார்த்தேன்.

“அது போன ஐப்பசில மல சரிஞ்ச எடத்து மண்ணு சார்,” என்றார். “ஒரு குடிசை உள்ள போயிட்டு. முருகம்மான்னு ஒரு பொம்பள. கடைசி வரைக்கும் அகப்படல.”

திரும்பி வந்து, இறக்கிய மண் முழுவதையும் சலித்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே இடத்திலிருந்து இன்னும் ஒன்பது லாரி மண் தென்காசி வீடுகளுக்குப் போயிருக்கிறது. எந்தெந்த வீடுகள் என்று சிவசைலத்துக்கு நினைவில்லை.