கடித்துவிட்டு எடுக்கும்போது வரும் வலி

“புடுங்கிருங்க டொக்டர். கையோட முடிச்சிட்டுப் போயிர்றேன்.”

மடுல்சீமை லெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். பதுளை டவுனில் நான் உதவியாளாக வேலை செய்த பல் கிளினிக்குக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள். பிடுங்கினால் ஒரு நாள் கூலி இழப்போடு முடிந்துவிடும். காப்பாற்றுவது என்றால் திரும்பத் திரும்ப பஸ் ஏற வேண்டும். நானும் நமுனுகுல தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அங்கே நான் இருந்தவரை பல்லடைக்கும் சிமெந்து குழைக்க டொக்டர் என் கையைத்தான் நம்பினார். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

டொக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கீழ்வரிசையில் மற்றக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் முன்பே பிடுங்கியாயிற்று. மெல்லுவதற்கு மிச்சம் இருந்தது இந்த ஒன்று. ஒரு சின்னக் குச்சியைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்.

“கடிக்கையில ஒண்ணும் இல்லைங்க. விடுறப்பதான் உசிரு போவுது” என்றாள்.

அது விரிசலுக்கு அடையாளம். விளக்கைப் பல்லோடு ஒட்டிப் பிடித்தபோது வெளிச்சம் விரிசலைத் தாண்டாமல் பாதியில் நின்றது. வேருக்கு இன்னும் இறங்கவில்லை என்றார் டொக்டர்.

“இதையும் எடுத்துட்டா சோத்த எதுலம்மா மெல்லுவீங்க?”

அவள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

விரிசல் ஓடிய பகுதியைச் சுரண்டியதும் அடியில் நரம்பு ஊசிமுனை அளவு தெரிந்தது. அந்த இடத்துக்கு பயோசெரமிக் என்ற வெள்ளைப் பொடியைக் குழைத்துக் கொடுத்தேன். ஈர மணல் பதம் வர வேண்டும். மற்ற மருந்துகளுக்கு ஈரம் ஆகாது, இது ஈரத்திலேயே இறுகும். உடம்பு இதை அந்நியமாக நினைக்காது என்று டொக்டர் சொல்வார். மேலே இன்னொரு சிமெந்து வைத்து அடைத்து, பல் பிளக்காமல் இருக்கச் சுற்றி ஒரு எஃகுப் பட்டையும் மாட்டினார். வலி அடங்கினால் அப்புறம் மேலே பல்லை மூடும் தொப்பி போடலாம்.

அடுத்த முறை வந்தபோது பட்டை ஆடியது. வலியும் திரும்பியிருந்தது. பாக்கு கடித்தீர்களா, எலும்பு கடித்தீர்களா என்று டொக்டர் கேட்டார். சோற்றைக்கூடக் குழைத்துத்தான் தின்கிறேன் என்று சத்தியம் செய்தாள். இன்னொரு தடவை ஆடினால் விரிசல் வேருக்குப் போய்விடும், பிறகு பிடுங்குவதுதான் வழி என்று டொக்டர் சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது.

“மலையில எப்படி வேலை செய்றீங்க, காட்டுங்க” என்றார்.

லெட்சுமி என் கைப்பையை எடுத்து, அதன் வாரைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டாள். கொழுந்துச் சாக்கு அப்படித்தான் தொங்கும். ஏற்றம் ஏறுகிற மாதிரி தலையைக் குனிந்தாள். டொக்டர் அவள் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் விரலையும் வைக்கச் சொன்னார். கல்லாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவள் சுமையைத் தூக்கினாள்.

சுமக்காமல் இருக்க முடியுமா என்று டொக்டர் கேட்டார். அவள் சிரித்தாள்.

“எங்க வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஏத்தத்துல பேசிக்கிட்டே வருவோம், பாரம் தெரியாது. போன மாரியில அவரு கண்ண மூடிட்டாரு. இப்ப யாருகிட்டப் பேச?”

அவள் தலையிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டே நான் சொன்னேன்.

“அவருகிட்டயே பேசு புள்ள. பேசுற வாய் பல்லக் கடிக்காது.”

சிமெந்தைப் புதிதாகக் குழைத்துக் கொடுத்தேன். பட்டையை மறுபடி இறுக்கி அனுப்பினோம்.

தொப்பி போட வந்த நாளில் பட்டை அசையவே இல்லை. என்னதான் பேசினாய் என்று கேட்டேன்.

“எங்க பேசுறது, அக்கா? அவர ஏசிக்கிட்டேதான் ஏறுறேன். இந்த ஏத்தத்துல என்னையத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேன்னு. பக்கத்து நெரையில பைத்தியம்ங்கிறாளுக. சொல்லிட்டுப் போகட்டும்.”

அதற்குப் பிறகு தோட்டத்து ஆள் யார் வந்தாலும், வாயைத் திறக்கச் சொல்லுமுன் என்ன சுமக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்பார். நல்ல மருந்து பல்லை ஒட்டும். பல் எதனால் விரிசல் விட்டது என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

அன்றைக்குத் தொப்பி போட்டு முடிந்ததும் டொக்டர் அதே குச்சியை நீட்டினார். லெட்சுமி கண்ணை மூடிக் கடித்தாள். மெதுவாக விட்டாள்.

“வலிக்கலைங்க” என்றாள்.