சாட்சிக்குச் சோறு

ஆசிபாவின் கோபம் வில்லியனூர் மார்க்கெட் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. அவள் அத்தா பக்கீர் முகமது அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். "எம் பொண்ணு கடையில குந்தினா பேரம் பேச ஒருத்தனும் வர மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது பெருமையா, புலம்பலா என்பது அவருக்கே வெளிச்சம்.

கடலூரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கை நீட்டினான். ஒரு தடவை பொறுத்தாள். அடுத்த தடவை மகள் ஹப்சாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஜமாத்தில் பெரியவர்கள் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். "உங்கள்ல யாராச்சும் அந்த வூட்ல ஒரு வாரம் இருந்துட்டு வாங்க, அப்புறம் நான் போறேன்" என்றாள். அதோடு திரும்பிப் போகவே இல்லை. படித்த பி.ஏ.வும் கற்ற டைப்பிங்கும் கைகொடுத்தன. டவுனில் கோர்ட்டுக்குப் பின்னால், வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிரிமினல் வழக்குகளை நடத்தும் அரசு வக்கீல் ஆபீசில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த ஹப்சா இப்போது காலேஜ் போகிறாள். ஆசிபா இன்னும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறாள்.

ஆபீஸ் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. ஒரே அறை. கேஸ் கட்டுகள் போக மிச்சமிருக்கும் இடத்தில் அரசு வக்கீல் உலகநாதன் உட்காருவார். அவர் போக மிச்ச இடம் ஆசிபாவுக்கு. கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோய்விட்டது. மழை பெய்தால் கட்டுகளை மேசைமேல் ஏற்றிவிட்டு இருவரும் நிற்பார்கள். உலகநாதன் நல்ல மனிதர், சட்டமும் தெரிந்தவர், ஆனால் பயந்த சுபாவம். எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

சாட்சிகள் எங்கே உட்காருவது? அதை மட்டும் யாரும் யோசிக்கவே இல்லை. கரியமாணிக்கத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து, பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வந்து, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். பேர் கூப்பிட மத்தியானமும் ஆகும், சாயங்காலமும் ஆகும். எதிரே டீக்கடை. குற்றம் சாட்டப்பட்டவனின் ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அடிப்பது, மிரட்டுவது எல்லாம் பழைய காலம். இப்போது, "இன்னா பெரிம்மா, இன்னும் துன்னலையா? அட வா, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ, வயித்துல இன்னா பகை?" என்று கூப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு கேடு உண்டு. எவன் கையால் தின்றார்களோ அவனுக்கு எதிராக அன்றைக்கு நாக்கு எழாது. மறுநாள் வேண்டுமானால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஆனால் பாழாய்ப்போன கோர்ட் அன்றைக்குத்தானே கூப்பிடுகிறது! கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துச்சிங்க, சரியா பாக்கலை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். பட்டப்பகலில் நடந்த வெட்டுக்குத்துக்கும் அதே இருட்டுதான். பிறழ்சாட்சி என்று எழுதிக் கட்டை மூடுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து ஆசிபாவுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் மேலே இருந்து சர்க்குலர் வந்தது. அரசு வக்கீல் ஆபீசுகளைப் பலப்படுத்த மானியம் தரப்போகிறார்களாம். என்ன தேவை என்று எழுதிக் கேட்க வேண்டும், ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏசி. எழுதும்மா, சீக்கிரம்!"

"எழுதிட்டேன் சார். அதுக்கு மேல இன்னொண்ணும் எழுதியிருக்கேன்."

வாங்கிப் படித்தார். பின்பக்கம் பூட்டிக்கிடக்கும் குடோனைச் சாட்சிகள் உட்காரும் அறையாக்க வேண்டும். தனி வாசல், கக்கூஸ், ஃபேன், பெஞ்சு, அடுப்பு. வழக்கு நாளில் சாட்சிக்கு டீயும் ஒருவேளைச் சாப்பாடும்.

"சோறா? சிரிப்பாங்கம்மா!"

"சிரிக்கட்டும் சார். நாம தோக்கறப்ப எதிர்த்தரப்பு சிரிக்கலையா? பழகினதுதானே."

"நீ வெளையாடறே. நாம சோறு போட்டோம்னு தெரிஞ்சா, சாட்சியை வெலைக்கு வாங்கிட்டாங்கன்னு எதிர் வக்கீல் கேப்பான். கேஸே கவுந்துடும்."

"இப்ப மட்டும் நிமிர்ந்தா நிக்குது?"

உலகநாதன் பேனாவை எடுத்தார், வைத்தார். அந்த வரியை அடிக்கவும் மனசில்லை, கையெழுத்துப் போடவும் தைரியமில்லை. குழு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தாள் மேசையிலேயே கிடந்தது.

குழு வருகிற நாளிலேயே தனக்கொடி என்பவளின் சாட்சியும் வந்து விழுந்தது. நோம்பு மாதம் வேறு. "இன்னிக்கு ஒரு நாளாச்சும் வாயை அடக்கு, நோம்பு முறிஞ்சுடும்" என்று சொல்லித்தான் ஆசிபாவின் அம்மா ஜொஹரா பீவி அனுப்பினாள். சொல்லிக்கொண்டே கையில் ஒரு சாப்பாட்டு டப்பாவையும் கொடுத்தாள். மகளுக்கு அல்ல. கொஞ்ச காலமாகவே வழக்கு நாளில் யாராவது ஒரு சாட்சிக்கு அந்த வீட்டிலிருந்து டப்பா போய்க்கொண்டிருந்தது. உலகநாதனுக்கு அது தெரியாது.

தனக்கொடி கரியமாணிக்கத்தில் கூலிவேலை செய்கிறவள். அவள் ஊர்ப் பையன் கலைச்செல்வன், ஏரியில் திருட்டுத்தனமாக மண் வெட்டி லாரியில் ஏற்றியவர்களைத் தட்டிக்கேட்டான். கடப்பாரையால் அவன் காலை உடைத்துப் போட்டார்கள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து எழுந்தான். இன்றும் ஊன்றுகட்டை இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த தனக்கொடி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். பார்த்த மற்றவர்கள் அத்தனை பேரும் டீக்கடையில் தின்றுவிட்டு, இருட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான். இவளும் வாயை மூடிக்கொண்டால் கலைச்செல்வனின் காலுக்குப் பதில் சொல்ல ஒருத்தனும் இருக்க மாட்டான்.

ஆசிபா பஸ் இறங்கி வரும்போது வேப்பமரத்தடியில் தனக்கொடி இல்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தாள். எதிரே இலையில் இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. அடித்தவனின் தம்பி பாக்யராஜ் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தான். அடிப்பாவி மகளே, கெட்டது குடி! ஆசிபா ரோட்டைக் கடந்து ஓடினாள்.

"தனக்கொடிம்மா, எழுந்திருங்க!"

"பசிக்குது பாப்பா" என்றாள் தனக்கொடி. பொய் இல்லை. குரலே கம்மியிருந்தது.

"என்னக்கா, நோம்பு வெச்சிக்கினு இப்புடி கோவப்படலாமா?" என்று பாக்யராஜ் இளித்தான்.

"நோம்பு எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. நீ நடுவுல பூராதே, நவுரு! வாங்கம்மா, எங்கிட்ட சோறு இருக்கு."

தனக்கொடி இலையைப் பார்த்தாள், பாக்யராஜைப் பார்த்தாள். அவன் மாமன் வயலில்தான் அவளுக்கு வருஷமெல்லாம் வேலை. ஆனாலும் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஆசிபா பின்னால் நடந்தாள்.

ஆபீசில் கேஸ் கட்டுகளைத் தள்ளி இடம் பண்ணி டப்பாவைத் திறந்து வைத்தாள் ஆசிபா. சோறும் மீன் குழம்பும். தனக்கொடி பாதி சாப்பிடும்போது வாசலில் செருப்புச் சத்தம். குழு! முன்னால் உலகநாதன், பின்னால் தலைமைச் செயலகத்து அதிகாரி அருள்மொழி, அவருக்குப் பின்னால் ரெண்டு பேர். அறை முழுக்க மீன் வாசனை.

அருள்மொழி மூக்கைப் பொத்தவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர். "இது ஆபீஸா, மெஸ்ஸா?" என்று மட்டும் கேட்டார்.

உலகநாதனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஆசிபா முந்திக்கொண்டாள். "மெஸ் வெக்கத்தான் மேடம் உங்ககிட்ட கிராண்ட் கேக்கறோம். நீங்க சாப்பிடுங்கம்மா, நேரமாவுது."

அவர்கள் நகர்ந்ததும் உலகநாதன் கையைப் பிசைந்தார். "போச்சு, கேஸும் போச்சு, கிராண்ட்டும் போச்சு. பாக்யராஜ் பாத்துட்டான் இல்ல? அவங்க வக்கீலுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும்."

போய்த்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தனக்கொடியைக் கூப்பிட்டார்கள். பார்த்ததை அப்படியே சொன்னாள். யார் பிடித்தது, யார் கடப்பாரையை ஓங்கியது, பையன் எப்படிக் கத்தினான், எல்லாம். எதிர் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். குழுவும் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது.

"காலையில அரசு வக்கீல் ஆபீசுல உங்களுக்குச் சோறு போட்டாங்களா, இல்லையா?"

உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தான் கொடுத்த சோறே தனக்கொடியின் சொல்லுக்கு எமனாகிவிட்டதோ என்று ஆசிபா முதல் தடவையாகப் பயந்தாள்.

"போட்டாங்க" என்றாள் தனக்கொடி. "ஏன், டீக்கடையில நீங்களுந்தான் இட்லி போட்டீங்க. இதோ குந்தினு இருக்கானே பாக்யராஜு, அவன் சாம்பாரு ஊத்தறப்பவே, 'இருட்டா இருந்துச்சின்னு சொல்லிடு அத்தை'ன்னான். அந்தப் பொண்ணு சோறு வெச்சுது. பாவம், அதுக்கு நோம்பு, பச்சத்தண்ணி குடிக்கலை. கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மீனுல முள்ளு இருக்கு, பாத்துத் துன்னுன்னு மட்டும் சொல்லுச்சி. இருட்டு எங்கேந்துங்க வரும்? நல்ல வெயிலு. என் முதுவு காஞ்சிது."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சிரிக்கவில்லை. சாட்சி சொன்னது ஒரு வார்த்தை விடாமல் பதிவாக வேண்டும் என்றார். பாக்யராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

வெளியே தாழ்வாரத்தில் அருள்மொழி, மேசையிலிருந்து எடுத்துவந்த அந்தக் கையெழுத்தில்லாத தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அறை நியாயம், ஒத்துக்கறேன். ஆனா சாப்பாட்டுக்கு இந்த மானியத்துல வழியே இல்ல. அந்த ஒரு வரியை எடுத்துடுங்க, மீதி எல்லாத்தையும் இன்னைக்கே சிபாரிசு பண்றேன்."

ஆசிபா தாளை வாங்கினாள். ஏசியை அடித்தாள், பிரிண்டரை அடித்தாள், ரெண்டு கம்ப்யூட்டரையும் அடித்தாள். "இதையெல்லாம் எடுத்துக்குங்க மேடம். அந்த வரி இருக்கட்டும்."

தன் ஏசி போவதை உலகநாதன் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடிவாதம் புடிக்காதீங்க" என்றார் அருள்மொழி. "அவங்க போடறதும் சோறு, நீங்க போடறதும் சோறு. ரெண்டும் சாட்சியை அவங்கவங்க பக்கம் இழுக்கத்தானே? என்ன வித்தியாசம்னு மேல கேட்டா நான் என்ன எழுதுவேன்?"

கேள்வி நியாயமானது. ஆசிபா பதில் சொன்னபோது குரலில் கோபம் இல்லை.

"போன மாசம் செல்லக்கண்ணுன்னு ஒரு பெரியவர் வந்தாரு மேடம். பாகூர் பக்கம். எங்க வூட்டு டப்பாவைத்தான் சாப்பிட்டாரு. கூண்டுல ஏறி, ஒண்ணும் பாக்கலைன்னுட்டாரு. பயம், இன்னா பண்ணுவாரு? கேஸ் தோத்துது. எறங்கி வந்து என் மொகத்தைப் பாக்க முடியாம நின்னாரு. டப்பாவுல இன்னும் கொஞ்சம் சோறு இருந்துச்சி. ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சி. அதையும் சாப்பிட்டுப் போங்கய்யான்னு அவருக்கே வெச்சேன். பாக்யராஜ் வெப்பானான்னு கேட்டு எழுதுங்க."

உலகநாதன் கையை நீட்டினார். "குடும்மா" என்று தாளை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அனுப்புங்க மேடம். திரும்பி வந்தா மறுபடியும் அனுப்புவோம்."

திரும்பித்தான் வந்தது. சாப்பாட்டை நீக்கி அனுப்பவும் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்கள். உலகநாதன் ஓர் எழுத்தை மாற்றாமல் மறுபடி அனுப்பினார். கூடவே தனக்கொடி கூண்டில் சொன்னதையும் நகலெடுத்து வைத்தார். போனில் யாரோ மிரட்டினார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வைத்தார். கடைசியில் மானியம் வந்தது. அறை, கக்கூஸ், அடுப்பு, சோறு. ஏசி வரவில்லை. தனக்கொடியை பாக்யராஜின் மாமன் வயலில் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவள் வேறு கழனிக்குப் போகிறாள், அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறாள். பாக்யராஜின் அண்ணன் ஜெயிலுக்குப் போனான்.

பாக்யராஜுக்கும் ஒரு நாள் சம்மன் வந்தது. வேறு வழக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் ஒருத்தன் ஒரு கிழவரை இடித்துத் தள்ளியதை இவன் பார்த்திருக்கிறான். வெயில் ஏறியும் பேர் கூப்பிடவில்லை. எதிரே டீக்கடையிலிருந்து யாரோ அவனைக் கைகாட்டி அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் போகவில்லை. சாட்சி அறையாகிவிட்ட குடோன் வாசலில் வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றான். அண்ணனை உள்ளே தள்ளிய இடம்.

ஆசிபா தட்டை எடுத்து வைத்தாள். "வா, குந்து."

அவன் உட்கார்ந்தான். கையைச் சோற்றில் வைக்கவில்லை. "துன்னா நான் இன்னாக்கா சொல்லணும்?"

"ஒரு மயிரும் சொல்ல வேணாம், துன்னுடா" என்றாள் ஆசிபா. "சோறு ஆறுது."