தண்டங்கீரையும் ஒரு சிவப்புச் சதுரமும்

கட்டடங்களுக்குச் சென்சர் பூட்டும் வேலை எனக்கு அலுத்துவிட்டது. பயிர்ச்செய்கையிலும் இப்போது அதே சென்சர்கள்தான், ஆட்கள் தேடுகிறார்கள் என்றார்கள். மாறுவதற்கு முன் ஒருநாள் நேரில் பார்த்துவிட நினைத்தேன். என் மச்சாள் தர்சினி பயிர் ஆலோசகர். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு புறப்பட்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலிருந்து கிளம்பினோம். வடக்கே முப்பது கிலோமீற்றர், நாற்பது நிமிடம். காரின் டிக்கியில் ட்ரோன், மூன்று பற்றரி, ஒரு சோடி றப்பர் பூட்ஸ். பூட்ஸில் கடை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

வழியில் கோப்பிக்கடை. இரண்டு கோப்பி, ஆறு டொலர். அவளுடைய வேலையில் பாதி அந்தக் கார் தரிப்பிடத்திலேயே முடிந்துவிட்டது. முதல்நாள் ட்ரோன் எடுத்த படங்களைச் செயலி படித்து, களை நிற்கும் இடங்களைச் சிவப்பாகக் காட்டுகிறது. தர்சினி பார்த்து அனுமதி அழுத்தினால் அந்த வரைபடம் வயலில் நிற்கும் மருந்து வண்டிக்குப் போய்விடும். வண்டி சிவப்பில் மட்டும் களைநாசினி அடிக்கும். ஒரு சோயா வயல், ஒரு மிடறு கோப்பி, ஓர் அழுத்தல். முன்பெல்லாம் ஒரு வயலை நடந்து பார்க்கவே அரைநாள் போகுமாம். என்ன நேர விரயம்!

ஒரு வயலின் மூலையில் சிவப்பு, கத்தரித்து ஒட்டியதுபோல் சதுரமாக இருந்தது.

“களைக்குக் கோடு கீற ஆர் அடிமட்டம் வாங்கிக் குடுத்தது?” என்று கேட்டேன்.

“போன வருஷம் ஏதும் விதை கொட்டுப்பட்டிருக்கும். கோப்பியைக் குடி மச்சான், ஆறப்போகுது,” என்று சிரித்தபடி அழுத்தினாள்.

அந்த வயலில் ஈரம் அளக்கும் சென்சருக்குப் பற்றரி மாற்ற வேண்டியிருந்தது. போய் இறங்கினால், மூலையில் இடுப்பளவுக்குச் செழித்து நிற்பது தண்டங்கீரை. சிவந்த தண்டு, பாத்தி பாத்தியாக. எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தரம் சுண்டிச் சாப்பிடுவது. மருந்து வண்டி அதற்குள் இறங்கி ஒரு வரிசை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

தர்சினி ஃபோனில் ‘நிறுத்து’ என்பதை அழுத்தினாள். சிக்னல் சரியில்லை; திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சாரதி காதில் எதையோ மாட்டியிருந்தான். ஸ்டியரிங்கில் கையே இல்லை, வண்டி தானாக ஓடியது. அவள் ஃபோனை எறிந்துவிட்டு, அலுவலகச் சப்பாத்தோடு ஓடி வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.  பத்தடி தூரத்தில் வண்டி நின்றது.

வேலியோரம் நின்ற வான் வண்டியிலிருந்து கீரைக்காரர் சிவம் அண்ணை ஓடிவந்தார். வயல்காரரிடம் இந்த வசந்தத்தில்தான் வாய்ப்பேச்சில் அந்த மூலையைக் குத்தகைக்கு எடுத்தவராம். செயலியிலோ அது இன்னும் சோயா.

“பிள்ளை, என்ன அடிக்கிறாங்கள்? தண்ணியோ?”

“களைநாசினி அண்ணை.”

“களையோ? உது நாளைக்கு ஸ்காபரோக் கடையளுக்குப் போற கீரை! எங்கட சனம் தின்னுறதைக் களையெண்டு ஆர் சொன்னது?”

“மெஷின் சொன்னது. ஓமெண்டு அமத்தினது நான்.”

நனைந்த இலைகள் அப்படியே பச்சையாக நின்றன. மருந்து பட்டது வாடித் தெரிய நாட்கள் எடுக்கும்.

“சரி, மருந்து அடிபடாத மிச்சத்தை வெட்டலாம்தானே? பாத்தா ஒண்டும் தெரியேல்லை,” என்றார் சிவம் அண்ணை.

தர்சினி ஃபோனைத் தேடியெடுத்து, வயலோரக் காற்றுமானியின் பதிவைப் பார்த்தாள். “காத்து மிச்சத்துப் பக்கமாத்தான் அடிச்சிருக்கு, மருந்து அங்கையும் பறந்திருக்கும். வெட்டாதேங்கோ அண்ணை. பாத்தாத் தெரியாது, அதாலதான் சொல்லுறன்.”

 அவர் கீரை வெட்டும் கத்தியை உறையில் போட்டார். நட்டத்தை நிறுவனம் ஏற்கவேண்டும் என்று அவள் அவர் முன்னாலேயே மேலதிகாரிக்குச் சொன்னாள். “காசு வரட்டும் பிள்ளை. நாளைக்குக் கடைக்காரனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?” என்று கேட்டுவிட்டு வான் வண்டிக்குப் போனார்.

காரில் ஏறியதும் ஃபோனில் செயலியின் அறிவிப்பு வந்தது. சிவப்புச் சதுரத்தில் ஒரு துண்டு பச்சையாகியிருந்தது. ‘களை கட்டுப்படுத்தப்பட்டது. அனுமதி: தர்சினி.’

“இந்த வருஷம் உந்த வயலுக்குள்ள ஒருக்காலாவது இறங்கினனியோ?” என்று கேட்டேன்.  அவள் அடுத்த வயலில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பூட்ஸின் கடை அட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சென்சர்களை நான் இன்னும் நம்புகிறேன்; காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொன்னதும் ஒரு சென்சர்தான். ஆனால் சதுரமாக வளரும் களையைக் கண்டால் சிரிக்காமல் இறங்கிப் பாருங்கள். போகிறவர்கள் தண்ணீர், தொப்பி கொண்டு போங்கள், ஃபோன் சிக்னலை நம்பாதீர்கள். பூட்ஸை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தர்சினியுடையது ஓர் அளவு சிறியது. அது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.